மதுரைக்கு எமிரேட்ஸ் ஏன் வரவில்லை? விமான ஒப்பந்தச் செய்தியைப் படிக்கும் முறை

முதலில் விமான நிறுவனத்தைத் திட்டுவதை நிறுத்துங்கள். 1944 சிகாகோ உடன்படிக்கைப்படி ஒவ்வொரு நாட்டின் வான்வெளியும் அந்நாட்டுக்கே சொந்தம், அதனால் இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேசி முடித்தால்தான் வழித்தடம் திறக்கும்.

செய்தி வந்ததும் இருக்கைக் கணக்கைத் தேடுங்கள். இந்தியா–துபாய் தடத்தில் ஒப்பந்தம் அனுமதிப்பது வாரத்துக்குச் சுமார் 66,000 இருக்கைகள், அதுவும் இரு பக்கத்து விமான நிறுவனங்களுக்கும் தனித்தனியாக. அது நிரம்பிவிட்டால் புதிதாக எத்தனை விமானம் வாங்கி நிறுத்தினாலும் இந்தத் தடத்தில் கூடுதலாக ஒன்றுகூடப் பறக்க முடியாது, டிக்கெட் விலைதான் ஏறும்.

அப்புறம் ஊர்ப்பட்டியல், அதாவது எந்தெந்த ஊர்களுக்குப் பறக்கலாம் என்று ஒப்பந்தம் சொல்லும் பட்டியல். எனக்கு இதுதான் முக்கியம். துபாய் நிறுவனங்களுக்கான பட்டியலில் சென்னை இருக்கிறது, மதுரை இல்லை. ஆனால் இந்திய நிறுவனத்துக்கு அந்தத் தடை கிடையாது, ஸ்பைஸ்ஜெட் மதுரையிலிருந்து துபாய்க்குப் பறந்தது அப்படித்தான்.

கடைசியாகத் தூரம். 2016 விமானக் கொள்கைப்படி டெல்லியிலிருந்து 5,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நாடுகளோடு, அவர்களும் அதேபோல் திறந்துவிட்டால், இந்தியா வரம்பில்லாமல் திறந்துவிடலாம். துபாயும் சிங்கப்பூரும் அந்தத் தூரத்துக்குள்ளேயே வந்துவிடுகின்றன, அதனால் அங்கே இந்தப் பேரம் ஓயாது.