கருத்தடை ஆலோசனை: புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

புதிதாகச் சேர்ந்த களப்பணியாளர் ஒருவர், கருத்தடை ஊசியைப் பற்றி ஒரு பெண்ணிடம் பேசுவதைச் சமீபத்தில் பக்கத்தில் இருந்து கேட்டேன். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எங்கே போடுவது, எல்லாம் சரியாகச் சொன்னார். மாதவிலக்கு மாறும் என்பதை மட்டும் சொல்லவில்லை. பிறகு தனியாகக் கேட்டபோது, "சொன்னா பயந்து ஓடிருவாங்க மேடம்" என்றார். இருபது வருடத்துக்கு முன் என் மேற்பார்வையாளரிடம் நான் சொன்ன பதிலும் இதேதான்.

காலாவதித் தேதியைப் பார்ப்பது, ஆணுறையை வெயிலில் வைக்காதது போன்றவை பயிற்சியிலேயே வந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பக்கவிளைவை மறைப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒரு பெண் மூன்று மாத ஊசி போட்டுக்கொண்டார். "மூணு மாசத்துக்குக் கவலையே இல்லை" என்று சொல்லி அனுப்பினேன். முதலில் திட்டுத் திட்டாக ரத்தம் பட்டிருக்கிறது. மூன்றாவது ஊசிக்குப் பிறகு மாதவிலக்கே நின்றுவிட்டது. கெட்ட ரத்தம் வயிற்றுக்குள்ளேயே தேங்குகிறது என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்ல, நான்காவது ஊசிக்கு அவர் வரவில்லை. ஒரு வருடம் கழித்து, வேண்டாத கர்ப்பத்தோடு வந்தார். என்னைத் திட்டவில்லை. "இப்படி ஆகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். "அப்போ ஏன் சொல்லல?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அப்புறம் அவருடைய தங்கையும் எங்களிடம் வரவில்லை, அந்தத் தெருவிலிருந்து வேறு யாரும் வரவில்லை.

சொல்ல வேண்டியது ஒன்றும் பெரிதில்லை. ஊசியில் உள்ள ஹார்மோன் கருப்பையின் உள்சவ்வை மெலிதாகவே வைத்திருக்கிறது. சவ்வு வளராததால் உதிர்வதற்கு ஒன்றும் இல்லை. உள்ளே எதுவும் தேங்குவதும் இல்லை. இதை ஊசி போடுவதற்கு முன்பே, அவருக்குப் புரியும் வார்த்தையில் சொல்லுங்கள். எட்டு நாளுக்கு மேல் ரத்தம் பட்டாலோ, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு போனாலோ வரச் சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் வேறு முறைக்கு எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்றும் சொல்லுங்கள். ஊசியை நிறுத்திய பிறகு கருத்தரிக்கக் கடைசி ஊசியிலிருந்து சராசரியாக 10 மாதம் ஆகும் என்பதையும் விடாதீர்கள். அடுத்த வருடமே குழந்தை வேண்டும் என்பவருக்கு இந்த ஒரு தகவல் போதும், வேறு முறையைத் தேர்ந்தெடுத்துவிடுவார்.

சொன்னால் ஓடிவிடுவார்கள் என்பது உண்மையும் அல்ல. சீனாவில் இதே ஊசியை வைத்து நடந்து, 1996இல் வெளியான ஆய்வில், வழக்கமான முறையில் ஊசி பெற்றவர்களில் ஒரு வருடத்துக்குள் நிறுத்தியவர்கள் 42 சதவீதம். மாதவிலக்கு மாறும் என்று முன்கூட்டியே விரிவாகச் சொல்லப்பட்டவர்களில் 11 சதவீதம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கருத்தடை தேவைப்பட்டும் அது கிடைக்காமலோ பயன்படுத்தாமலோ இருந்த பெண்கள் 2021இல் சுமார் 16 கோடியே 40 லட்சம் பேர். வளரும் நாடுகளில் இப்படிப்பட்ட பெண்களிடம் காரணம் கேட்டால், பக்கவிளைவு பற்றிய பயம் முன்வரிசையில் வந்து நிற்கிறது. அந்தப் பயத்தில் ஒரு பங்கை நாம்தான் வாய் திறக்காமல் வளர்க்கிறோம்.

இந்த நாடுகளில் நடக்கும் மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புகளில் பெண்களிடம் மூன்று கேள்வி கேட்பார்கள்: வேறு முறைகளைப் பற்றிச் சொன்னார்களா? பக்கவிளைவைச் சொன்னார்களா? அது வந்தால் என்ன செய்வது என்று சொன்னார்களா? ஒவ்வொருவரையும் அனுப்புவதற்கு முன் இந்த மூன்றையும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

தேதி தள்ளி வந்தவரைத் திருப்பி அனுப்புவது

மூன்று மாத ஊசிக்கு நான்கு வாரம் வரை தாமதமாக வந்தாலும் போடலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். "மாதவிலக்கு வந்ததும் வாங்க" என்று அனுப்பிவிட்டால், அடுத்து அவரைப் பிரசவ வார்டில்தான் பார்ப்போம்.

தாய்ப்பாலை மட்டும் நம்பச் சொல்வது

நம்பலாம், மூன்று நிபந்தனையோடு. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, பகலும் இரவும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் இருந்தால் 98 சதவீதப் பாதுகாப்பு என்று 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். ஒன்று தவறினாலும் அன்றே வேறு முறை வேண்டும். இந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் சொல்ல மறக்கிறார்கள்.

காசநோய் மருந்தைக் கேட்காமல் விடுவது

காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்குக் கருத்தடை மாத்திரையும், கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சியான இம்ப்ளான்டும் பலன் குறையும். கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டிக்கும் மூன்று மாத ஊசிக்கும் அந்தச் சிக்கல் இல்லை.

வாசக்டமி முடிந்ததும் கவலை தீர்ந்தது என்பது

ஆணுக்குச் செய்யும் இந்தக் கருத்தடை அறுவைக்குப் பிறகும் மூன்று மாதம் ஆணுறை வேண்டும்.

இம்ப்ளான்டை எடுக்க மறுப்பது

கேட்டால் எடுத்துவிடுங்கள்.

வீட்டார் முன்னால் பேசுவது

ஊசி போட்டுக்கொள்வது வீட்டில் தெரியாத பெண்கள் நிறையப் பேர். அப்படிப்பட்ட ஒருவரின் வீட்டு வாசலில் நின்று, "ஊசித் தேதி வந்துருச்சு" என்று நான் ஒருமுறை சத்தமாக நினைவூட்டிவிட்டேன். அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. முதல் நாளே தனியாக வைத்துக் கேளுங்கள்: வீட்டுக்கு வரலாமா, தேதி அட்டையைக் கொண்டுபோக முடியுமா, இல்லை இங்கேயே இருக்கட்டுமா?