முதியோர் இல்லத்திலிருந்து வாக்குச்சாவடிக்கு: கொழும்பில் முதன்முறை உதவுபவர்களுக்கு

நம் நாட்டில் சாதாரண வாக்காளர் முன்கூட்டியே வாக்களிக்க வழியில்லை. தபால் வாக்கு அரச ஊழியர், பொலிஸார், படையினர் போன்றோருக்குத்தான். இல்லத்தில் இருக்கும் அம்மாமாரும் ஐயாமாரும் தேர்தல் நாளன்று நேரில்தான் போக வேண்டும். 2024 தேர்தல்களில் வாக்களிப்பு காலை 7 முதல் மாலை 4 வரை நடந்தது. உங்கள் வேலையில் முக்கால்வாசி அந்த நாளுக்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும்.

படி 1: பெயர் எங்கே?

வெள்ளவத்தை இல்லத்தில் இருப்பவரின் பெயர் இன்னும் மட்டக்களப்பு வாக்காளர் இடாப்பில் இருந்தால், அவருடைய சாவடியும் அங்கேதான். ஒவ்வொருவரின் அடையாள அட்டை இலக்கத்தையும் தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

படி 2: அடையாள அட்டை

வாக்காளர் அட்டை வராவிட்டாலும் வாக்களிக்கலாம். அடையாள அட்டை இல்லாமல் முடியாது. தேசிய அடையாள அட்டை, செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, ஓய்வூதியர் அட்டை, முதியோர் அடையாள அட்டை எல்லாம் செல்லும். அட்டைகளை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பாருங்கள். பழைய லேமினேட்டுக்குள் படம் மங்கி, ஆளே தெரியாத அட்டை ஒன்றாவது அகப்படும். அப்படியானவருக்குத் தற்காலிக அடையாள அட்டை எடுக்க கிராம உத்தியோகத்தரிடம் உடனே பேசுங்கள்.

படி 3: துணையும் வாகனமும்

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் இதுதான். பார்வைக் குறைபாடோ உடல் இயலாமையோ உள்ளவர், 2011 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டப்படி, தனக்கு விருப்பமான ஒருவரைத் துணையாகக் கூட்டிப் போகலாம். துணை 18 வயதுக்கு மேற்பட்டவராக இருக்க வேண்டும். வேட்பாளரோ கட்சி முகவரோ கூடாது. இதற்கான படிவத்தில் அரச வைத்தியரின் சான்று வேண்டும். அன்று காலை போய் வைத்தியரைத் தேட முடியாது. துணை இல்லாதவருக்கு, சாவடியின் சிரேஷ்ட தலைமைதாங்கும் அலுவலர் இன்னோர் அலுவலர் முன்னிலையில் அடையாளமிட்டுக் கொடுப்பார்.

நல்ல மனதோடுதான் என்றாலும், வாக்காளரை வான் பிடித்து ஏற்றி இறக்கினால் சட்டச் சிக்கல் வரும். நடக்கவோ பஸ்ஸில் போகவோ இயலாதவர்களுக்காக, மாவட்டத்தில் தேர்தலை நடத்தும் தெரிவத்தாட்சி அலுவலரிடம் அனுமதி கேளுங்கள். தேர்தலுக்கு ஏழு நாள் முன்னதாகவே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.

படி 4: ஒத்திகை

வெற்றுத்தாளில் கட்டம் போட்டு, பேனையால் புள்ளடி போடச் சொல்லிப் பாருங்கள். நடுங்கும் கையில் கோடு பக்கத்துக் கட்டத்துக்குள் ஓடிவிடும். தாளை மற்றக் கையால் அழுத்திப் பிடித்தால் கொஞ்சம் நிற்கும். யாருக்கு என்ற பேச்சை மட்டும் எடுக்காதீர்கள், அவராகவே கேட்டாலும்கூட. ஞாபகமறதி உள்ளவரிடம் “போகலாமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

படி 5: அன்று

ஏழு மணிக்கே போங்கள், வெயிலுக்கு முன். சாவடி பெரும்பாலும் பள்ளிக்கூடமாக இருக்கும். எத்தனை படிகள், சக்கர நாற்காலி எந்த வாசலால் போகும் என்று முதல் நாளே பார்த்து வையுங்கள். நீர் மாத்திரை போடுபவருக்கு நேரத்தை மாற்றலாமா என்று தாதியிடம் கேளுங்கள். வரிசையில் நிற்கும்போது கழிவறை தேடி ஓட முடியாது. கைத்தொலைபேசியை உள்ளே பாவிக்கக் கூடாது.

திரும்பி வந்ததும், இடாப்பில் பெயரில்லாமல் போகமுடியாதவர்களின் பட்டியலை இல்லப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். அடுத்த இடாப்புத் திருத்தத்தின்போது அதைக் கிராம உத்தியோகத்தரிடம் காட்டலாம்.