லேப் ஸ்டீலில் எலெக்ட்ரிக் கிட்டார் பிக்கப்பும் பிரிட்ஜும் பொருத்தும் முறை

லேப் ஸ்டீல் (மடியில் கிடத்தி எஃகு பாரால் வாசிக்கும் கிட்டார்) செய்ய உட்காருகிறவர் கையில் பெரும்பாலும் இருப்பவை சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரின் பாகங்கள்தான்: ஒரு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), ஆறு சேடில் (கம்பி உட்காரும் சிறு தாங்கி) கொண்ட, அசையாத ஹார்ட்டெயில் பிரிட்ஜ், ஒரு டியூனர் செட், இரண்டு பாட் (ஒலியளவையும் தொனியையும் மாற்றும் குமிழ்கள்), கேபிள் செருகும் ஒரு ஜாக். இவ்வளவும் போதும். ஆனால் இவை வேறொரு கருவிக்காகச் செய்யப்பட்டவை. கிட்டாரில் கம்பிகள் லேசான வில் வளைவில் நிற்கும். விரல் அழுத்தினால் ஃப்ரெட் (குறுக்கே பதித்த உலோகப் பட்டை) வரை இறங்கும். லேப் ஸ்டீலில் நேரான எஃகு பார் ஆறு கம்பிகள் மேலும் ஒரே சமயத்தில் உட்கார வேண்டும், கம்பி கீழே இறங்குவதே இல்லை. வளைவுக்கென்று செய்த பாகங்களை மட்டத்துக்குக் கொண்டுவருவதில்தான் இங்கே பாதி வேலை.

மரத்தில் கை வைக்கும் முன் பக்கவாட்டுப் படம் ஒன்றை முழு அளவில் வரையுங்கள். நட்டுக்கும் (தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பட்டை) பிரிட்ஜுக்கும் இடையே 22.5 அங்குலம், அதாவது 571.5 மி.மீ, லேப் ஸ்டீலுக்கு நெடுநாளாக வழக்கில் உள்ள நீளம். அதை 17.817-ஆல் வகுத்தால் முதல் கோடு (ஃப்ரெட்டுக்குப் பதிலாகப் பாரை நிறுத்தும் இடத்தைக் காட்டும் குறி) நட்டிலிருந்து 32.1 மி.மீ தள்ளி விழும். மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்த கோட்டுக்கு எவ்வளவு தூரம் என்று கிடைக்கும். 12-வது கோடு 285.75-இல் வந்தால் கணக்கு சரி. எல்லாக் கோடுகளையும் நட்டிலிருந்தே அளந்து போடுங்கள்; ஒன்றிலிருந்து ஒன்றை அளந்து போனால் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும்.

உயரக் கணக்கையும் அந்தப் படத்திலேயே முடித்துவிடுங்கள். கோட்டுப் பலகை 3 மி.மீ தடிமன், அதற்கு மேல் கம்பி 10 மி.மீ என்றால், உடல் பலகையிலிருந்து கம்பி 13 மி.மீ உயரத்தில் நிற்கும். நட்டிலும் பிரிட்ஜிலும் அதே 13 வேண்டும். உங்கள் பிரிட்ஜின் சேடில்களை ஆடாத அளவுக்கு ஏற்றினால் 11 மி.மீதான் வருகிறதா? அடியில் 2 மி.மீ பித்தளைத் தகடோ கெட்டி மரத் துண்டோ வையுங்கள். சேடில் திருகுகளை உச்சிவரை ஏற்றி விட்டால் சேடில் ஆடும், ஒலி நீடிக்காது.

பிரிட்ஜும் நட்டும்

உடலின் நடுவே தலை முதல் வால் வரை நூல் பிடித்து மையக்கோடு போடுங்கள். பிரிட்ஜ் அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக உட்கார வேண்டும். திருகுத் துளையைத் திருகின் உள்தண்டு தடிமனுக்கே போட்டு, திருகில் கொஞ்சம் மெழுகு தடவி இறக்கினால் கெட்டி மரத்திலும் தலை முறியாது.

கிட்டாரில் சேடில்களை முன்னும் பின்னுமாக நிறுத்துவார்கள். அழுத்தும்போது கம்பி இழுபட்டுச் சுருதி ஏறுவதை ஈடுகட்டத்தான் அது. இங்கே கம்பியை அழுத்துவதே இல்லை என்பதால் ஆறு சேடில்களும் ஒரே நேர்கோட்டில், நட்டின் முன் விளிம்பிலிருந்து 571.5 மி.மீ தூரத்தில் நிற்கட்டும். கிட்டார் பழக்கத்தில் அவற்றைப் படிக்கட்டாக வைத்தால், 12-வது கோட்டில் பாரை நேராகப் பிடித்தாலும் கார்டு பிசகும்.

கம்பிகளின் அடிப்பக்கம் எப்படியும் இருக்கட்டும், மேல்பக்கம்தான் மட்டமாக இருக்க வேண்டும். 0.016 அங்குலத்திலிருந்து 0.056 அங்குலம் வரையுள்ள செட்டில் தடிப்பு வித்தியாசம் ஏறக்குறைய 1 மி.மீ. நட்டில் எல்லாப் பள்ளங்களையும் ஒரே ஆழத்துக்கு அறுத்தால் மெல்லிய கம்பி அந்த 1 மி.மீ தாழ்ந்துபோகும், பார் அதைத் தொடாமலே கடந்துவிடும். ஆகவே தடித்த கம்பிக்கு ஆழமான பள்ளம், மெல்லியதற்கு மேலோட்டமான பள்ளம். அலுமினிய எல்-ஆங்கிளில் செய்த நட் நன்றாக உழைக்கும். மேல்விளிம்பைத் தலைப்பக்கம் சரிவாக அராவி விடுங்கள். முன் விளிம்பில் மட்டும் கம்பி தொட வேண்டும். தட்டையாக விட்டால் தம்பூராவில் ஜீவா நூல் வைத்ததுபோல் இரைச்சல் வரும். தம்பூராவுக்கு அது அழகு, இங்கே அது கோளாறு.

மட்டம் பார்க்கப் பாரையே கருவியாக்கிக்கொள்ளலாம். பிரிட்ஜுக்கு இரண்டு அங்குலம் முன்னால் பாரைச் சொந்த எடையில் கம்பிகள் மேல் வைத்து, பின்னால் ஒரு டார்ச் பிடித்துக் குனிந்து பாருங்கள். ஒரு கம்பிக்கும் பாருக்கும் இடையே மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் அந்தக் கம்பி தாழ்ந்திருக்கிறது. ஆலன் கீயை அரைச் சுற்று திருப்பி மறுபடி பாருங்கள். பிறகு முதல் கோட்டருகே இதே சோதனை. அங்கே வெளிச்சம் தெரிந்தால் குறை நட்டில். டியூன்-ஓ-மேட்டிக் வகை பிரிட்ஜில் சேடிலைத் தனித்தனியாக ஏற்ற முடியாது. அதில் நடுச் சேடில்களின் பள்ளங்களை அரத்தால் ஆழமாக்கி மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். முடிந்தவரை ஹார்ட்டெயிலே வாங்குங்கள்.

எந்தப் பிக்கப், எங்கே

பிக்கப் வாங்கும் முன் கம்பி இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். பிரிட்ஜில் கம்பிக்குக் கம்பி 10.5 மி.மீ என்றால் ஓரக் கம்பிகளுக்கிடையே 52.5 மி.மீ. ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்) வகைப் பிக்கப்பின் காந்தத் துருவங்கள் கிட்டத்தட்ட 52 மி.மீ அகலத்தில் இருப்பதால் பொருந்திவிடும். ஆனால் நட்டிலும் பிரிட்ஜிலும் 9.5 மி.மீ இடைவெளியில் இணையாகக் கம்பி ஓட்டினால் ஓரக் கம்பிகள் 47.5-இல் நிற்கும், துருவத்தைவிட்டு இரண்டு மி.மீக்கு மேல் உள்ளே தள்ளிப்போகும், ஓசையும் குன்றும். அப்படிப்பட்ட கருவிக்குத் தனித்தனித் துருவம் இல்லாத, நீளத் தகடு வைத்த ரெயில் வகைப் பிக்கப்பே சரி.

துருவங்கள் ஏறியிறங்கி நிற்கும் ஸ்ட்ராட் பிக்கப்பைத் தவிருங்கள். வளைந்த ஃப்ரெட்போர்டையும் முன்பு சுற்றுக்கம்பியாக (மேலே மெல்லிய கம்பி சுற்றியதாக) இருந்த மூன்றாம் கம்பியையும் கணக்கில் வைத்துப் போட்ட உயரங்கள் அவை. மட்டமான கம்பிகளுக்கு அடியில் வைத்தால் உயரமான துருவத்துக்கு மேலுள்ள கம்பி தனியாகக் கத்தும். அந்தக் காந்தங்களைத் தட்டி இறக்க முயலாதீர்கள். பல பிக்கப்களில் காயில் அவற்றின் மேலேயே நேராகச் சுற்றப்பட்டிருக்கும். முடியளவு மெல்லிய செம்பு ஒயர் அறுந்தால் பிக்கப் போயிற்று.

இடத்தைப் பொறுத்தவரை, பிக்கப்பின் நடு பிரிட்ஜிலிருந்து 40 முதல் 60 மி.மீக்குள் இருக்கட்டும். 24-வது கோடு பிரிட்ஜிலிருந்து 143 மி.மீ தூரத்தில் விழுகிறது. அங்கே நெக் பிக்கப் (கழுத்துப் பக்கப் பிக்கப்) வைத்தால் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது பார் அதன் தலைமேல் வந்து நிற்கும். ஒரே பிக்கப் போதும். 1932-இல் விற்பனைக்கு வந்த, தொடக்ககால எலெக்ட்ரிக் கிட்டாரான 'ஃப்ரையிங் பேன்' ஒரு லேப் ஸ்டீல்தான். அதில் இருந்ததும் ஒன்றே ஒன்று.

குழி வெட்டும் முன் இரண்டு ஓரக் கம்பிகளைக் கட்டி இழுத்து, அவற்றுக்கு நடுவே பிக்கப்பை வைத்துக் குறியுங்கள். மையக்கோட்டை மட்டும் நம்பி வெட்டினால், பிரிட்ஜ் அரை மி.மீ நகர்ந்திருந்தாலும் தெரியாமல் போகும். ஹம்பக்கருக்கு (இரண்டு காயில் கொண்ட பிக்கப்) ரிங் (பிக்கப்பைத் தாங்கும் சட்டம்) போடுவதானால் அடியும் மேலும் தட்டையான ரிங் வாங்குங்கள். சரிவான ரிங் கழுத்து சாய்ந்த கிட்டாருக்கானது. கம்பி 13 மி.மீ உயரத்தில் இருப்பதால் உடன் வரும் உயரத் திருகுகள் எட்டாமல் போகலாம். அப்போது குழியின் அடியில் மரத்துண்டு வைத்துப் பிக்கப்பை மேலே கொண்டுவாருங்கள்.

ஒயரிங்

சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம் பாட், 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம், 0.022. இரண்டிலும் ஆடியோ டேப்பர் (காது உணரும் விதத்தில் ஒலி ஏறியிறங்கும்) பாட்தான். இந்தக் கருவியில் வால்யூமைச் சுண்டுவிரலால் உருட்டி ஒலியை மலர விடுவது முக்கியமான வாசிப்பு முறை. லீனியர் பாட்டில் அது சீராக வராது. அதனால்தான் குமிழ் சுண்டுவிரலுக்கு எட்டும் இடத்தில், அதாவது மெல்லிய கம்பியின் பக்கம், வாசிப்பவருக்கு அப்பால் இருக்க வேண்டும். ஜாக்கை வயிற்றுப் பக்கம் வைக்காதீர்கள். பாட் இருக்குமிடத்தில் மரம் 4 மி.மீக்கு மேல் தடித்திருந்தால் பாட்டை இறுக்கும் திருகு நட் பிடிக்கப் புரி போதாது.

பாட்டைப் பின்புறமாகத் திருப்பி, கால்கள் உங்களை நோக்கி இருக்கும்படி வையுங்கள். இடது காலில் பிக்கப்பின் ஹாட் (சிக்னல்) ஒயர், நடுக்காலில் ஜாக்கின் டிப்புக்கு (சிக்னல் முனை) போகும் ஒயர், வலது கால் பாட்டின் உடலோடு சேர்த்து எர்த். இடவலம் மாறினால் குமிழ் தலைகீழாக வேலை செய்யும். டோன் பாட்டுக்கு வால்யூமின் இடது காலிலிருந்து ஓர் ஒயர் எடுத்து டோன் பாட்டின் வலது காலில் பிடியுங்கள். நடுக்காலிலிருந்து கெபாசிட்டர் வழியாக எர்த். பாட்டின் முதுகை உப்புத்தாளால் தேய்த்த பிறகே சால்டர் வையுங்கள். தேய்க்காவிட்டால் ஈயம் உருண்டு நிற்கும், நீங்கள் சூடேற்றிக்கொண்டே இருப்பீர்கள், உள்ளே இருக்கும் கரித்தடம் கெடும்.

பிக்கப் குழியிலிருந்து பிரிட்ஜுக்கு அடியில் சாய்வாக 3 மி.மீ துளை போட்டு எர்த் ஒயரைக் கொண்டுபோங்கள். முனையில் 20 மி.மீ தோலுரித்து விசிறிபோல் விரித்துத் தகட்டுக்கு அடியில் நசுங்க விடுங்கள். மல்டிமீட்டரை கம்பியிலும் ஜாக்கின் ஸ்லீவிலும் (எர்த் முனை) வைத்தால் கிட்டத்தட்ட 0 ஓம் காட்ட வேண்டும்.

கம்பி போட்டபின் பிக்கப் உயரத்தைத் தடித்த கம்பிப் பக்கம் 3 மி.மீ, மெல்லிய பக்கம் 2.5 மி.மீ என்று தொடங்குங்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்தி அளக்கும் கிட்டார் வழக்கம் இங்கே கிடையாது. வெறும் கம்பியில் அளக்கலாம். சிங்கிள் காயிலில் தடித்த கம்பி அலைந்து, ஒரே ஸ்வரம் இரண்டாகப் பிளந்து கேட்டால் காந்தம் கம்பியை இழுக்கிறது, அரை மி.மீ இறக்குங்கள்.

கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் எர்த் சரி, குழிக்குச் செம்புத் தகடு ஒட்டுவதுதான் மிச்சம். தொட்டதும் இரைச்சல் கூடினால் ஜாக்கில் டிப்பும் ஸ்லீவும் இடம் மாறியிருக்கின்றன. சால்டரை எடுத்து மாற்றிவிடுங்கள்.