தார் பாலைவனம் போகும் நம் ஊர்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பெங்களூரு போனால், ராஜஸ்தானில் தார் பாலைவனத்தின் வாசலான ஜோத்பூருக்கு நேரடி ரயில் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளின் விடுமுறையைப் பார்த்து மே மாதத்தில் கிளம்பிவிடாதீர்கள். ஜெய்சல்மேரில் அப்போது வெயில் 45 டிகிரியைத் தொடும்; குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் அது ஆபத்து. நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் சரியான காலம். ஓசூர்க் குளிருக்குப் பழகியவர்கள்தானே என்று மெல்லிய ஸ்வெட்டரோடும் போகக் கூடாது. ஜனவரி இரவில், கூடாரத்துக்குள் கம்பளி இல்லாமல் தூங்க முடியாது.

பாலைவனம் என்றால் வெறும் மணல் என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஜெய்சல்மேர் அருகே சாம் மணல்மேட்டில் ஒரு ஒட்டகச் சவாரி, நாலு படம், அப்புறம் ரயில் என்று முடித்துக்கொள்கிறார்கள். தாரில் புல்வெளியும் முள்புதரும் கல்தரையும் நிறைய உண்டு. கானமயில் வாழ்வது அந்தப் புல்வெளியில்தான். உலகத்திலேயே 200-க்கும் குறைவாக மிஞ்சியிருக்கும் பறவை; அவற்றில் பெரும்பாலானவை ஜெய்சல்மேர் வட்டாரத்தில்தான் இருக்கின்றன. கூடு கட்டாது, வெறும் தரையில் முட்டையிடும், அதுவும் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. பாதையை விட்டு இறங்கி ஓட்டச் சொல்லி ஜீப் ஓட்டுநரை உசுப்பேற்றாதீர்கள். அந்த ஒரு முட்டை சக்கரத்துக்குக் கீழே போனால் ஈடுசெய்ய வழியே இல்லை.

ஜோத்பூர் அருகே, மரத்தையும் விலங்கையும் காப்பதைச் சமயக் கடமையாகக் கொண்ட பிஷ்னோய் மக்களின் ஊர்களில் வெளிமான் பயமில்லாமல் வயலில் மேயும். படத்துக்காக அதைத் துரத்துவதும், பிஸ்கட் போடுவதும் வேண்டாம். 1730-இல் கேஜர்லி கிராமத்தில் மரம் வெட்ட வந்த அரண்மனை ஆட்களைத் தடுத்து, அமிர்தா தேவியோடு 363 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அவர்கள் காத்தது நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் அதே வன்னி மரத்தை. அப்படிப்பட்டவர்களின் வாசலில் நிற்கிறோம் என்ற நினைப்பு வேண்டும். பெண்களைக் கேட்காமல் படம் எடுக்கவே கூடாது.

சாப்பாட்டுக்கு இட்லிக் கடை தேடி அலைபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. கம்பும் கேழ்வரகும் தின்று வளர்ந்த நமக்குக் கம்பு ரொட்டி அந்நியமா என்ன? கூடவே கேர் சாங்ரி என்ற கறியைக் கேளுங்கள்; அதில் வரும் சாங்ரி வன்னியின் காய்தான்.

இரவில் மங்கணியார் கலைஞர்கள் பாடும்போது சினிமாப் பாட்டு கேட்காதீர்கள். தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் பாட்டுகள் அவர்களிடம் இருக்கின்றன. கமைச்சா என்ற வில்லால் மீட்டும் நரம்பு வாத்தியத்தை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், பணத்தை அவர்கள் கையிலேயே கொடுங்கள்.

பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய சில இடங்களுக்கு அனுமதி வேண்டும். அடையாள அட்டையோடு ஜெய்சல்மேரிலேயே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.