ஆடிட்டர் எண் இரண்டாவதாக இருக்கட்டும்

வருமான வரி இணையதளத்தில் உங்கள் புரொஃபைலைத் திறந்து, முதன்மைத் தொடர்பில் உங்கள் மொபைல் எண்ணையும் மின்னஞ்சலையும், இரண்டாவது தொடர்பில் ஆடிட்டருடையதையும் போடுங்கள். வேலை சுலபமாக முடியட்டும் என்று சில ஆடிட்டர் அலுவலகங்கள் தங்கள் எண்ணையே முதலில் போட்டுவிடுகின்றன. இதை அனுமதிக்கவே கூடாது. ஓடிபியும் நோட்டீஸ் பற்றிய தகவலும் முதன்மைத் தொடர்புக்குத்தான் வரும். ரிட்டர்னில் பிழை என்று நோட்டீஸ் வந்தால், அதைச் சரிசெய்யப் பொதுவாகக் கிடைப்பது 15 நாள்தான். தகவல் ஆடிட்டரின் மின்னஞ்சல் பெட்டியில் கிடந்தால் கெடு போய்விடும். ஆடிட்டரை மாற்றும்போதும் பாஸ்வேர்டுக்கு அவரையே எதிர்பார்க்க வேண்டி வரலாம். உங்கள் எண் முதலில் இருந்தால், தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஈ-வெரிஃபை (ரிட்டர்னை இணையத்தில் உறுதிசெய்வது) முடிந்ததா என்பதையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

மைனர் அல்லது இறந்தவர் சார்பில் இன்னொருவர் பிரதிநிதியாக நடத்தும் கணக்கில் பிரதிநிதியின் எண்தான் முதலில் இருக்க வேண்டும்.