துப்பாக்கியைத் துடைக்கும்போது நேரும் தவறுகள்

"காலியாகத்தான் இருந்தது" என்ற வாக்கியத்தைத் துப்பாக்கி விபத்து நடந்த பிறகுதான் பெரும்பாலும் கேட்கிறோம். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியான மேகசினைக் கழற்றாமல், பிஸ்டலின் மேல் நகரும் பாகமான ஸ்லைடை மட்டும் இழுத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையான சேம்பரில் இருந்த தோட்டா வெளியே விழும், மனமும் நிம்மதியாகிவிடும். ஆனால் ஸ்லைடு திரும்பும்போதே மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளிவிடும். சில பிஸ்டல்களைப் பிரிப்பதற்கே விசையை இழுத்தாக வேண்டும் என்பதை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். முதலில் மேகசின், பிறகு சேம்பர். இந்த வரிசை ஒருநாளும் மாறக்கூடாது. சேம்பரைக் கண்ணால் பார்த்தபின் சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். துடைக்கும் மேசையில் ஒரு தோட்டாகூட இருக்க வேண்டாம். எல்லாவற்றையும் அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள்.

இனி துப்பாக்கிக்கு நாமே செய்யும் கெடுதல். சுட்டுக் கெட்ட குழல்களைவிடத் துடைத்துக் கெட்ட குழல்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். குழலின் முனையில், உள்ளே சுருளாக வெட்டிய உள்வரிகள் முடியும் இடத்து விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். தோட்டா குழலை விட்டுப் பிரியும் கடைசி இடம் அது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், பின்னால் தள்ளிவரும் வாயு அந்தப் பக்கமாக முந்திக்கொண்டு கசியும், தோட்டா இலேசாகச் சாயும், குறி தப்பும். முன்பக்கத்திலிருந்து ராடை, அதாவது துடைக்கும் நீளக் கம்பியை, நுழைத்துத் துடைக்கும்போது, வளைந்த ராடு அந்த விளிம்பில்தான் ஒவ்வொரு முறையும் உரசுகிறது. போல்ட் ரைஃபிள் (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்டைக் கையால் இழுத்துத் திறப்பது) என்றால் போல்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கத்திலிருந்தே ராடை விடுங்கள், வழிகாட்டிக் குழாய் பொருத்தினால் இன்னும் நல்லது. ராடை முன்பக்கமாகத்தான் நுழைக்க முடியும் என்ற அமைப்புள்ள துப்பாக்கிகளுக்கு, ராடு இல்லாமல், பின்னாலிருந்து விட்டு முன்னால் இழுத்தெடுக்கும் கயிறு போதும். பிரஷை நடுக்குழலில் திருப்பி இழுக்காதீர்கள். முழுதாக வெளியே வந்த பிறகே திருப்ப வேண்டும்.

அடுத்தது எண்ணெய். இதில் தாராளம் ஆகாது. மிகுதியான எண்ணெயில் தூசியும் கரியும் ஒட்டிப் பசையாகிவிடும். தோட்டாவின் அடியைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின் ஓடும் துளைக்குள் அந்தப் பசை சேர்ந்தால், குளிரில் இறுகி, அந்த ஊசி மெதுவாகத் தட்டும். தோட்டா வெடிக்காமல் போகலாம். உரசும் உலோகப் பரப்புகளில் மெல்லிய படலமாக இருந்தாலே போதும். வைத்திருப்பதற்காகக் குழலுக்குள் தடவிய எண்ணெயை, சுடுவதற்கு முன் உலர்ந்த துணியால் துடைத்தெடுத்தே ஆக வேண்டும். செம்புப் படிவை நீக்கும் அமோனியா கலந்த சால்வென்டை இரவெல்லாம் ஊறவிடுவதும் தவறு. டப்பாவில் எழுதியிருக்கும் நேரத்தை மீறாதீர்கள். அந்தச் சால்வென்ட் வெண்கலப் பிரஷின் கம்பிகளையும் அரிக்கும், துணியில் நீல நிறம் இறங்கும், குழலில் இன்னும் செம்பு இருக்கிறதென்று நினைத்து வீணாகத் தேய்த்துக்கொண்டே இருப்போம்.

பழைய ராணுவத் தோட்டாக்கள் சிலவற்றின் பிரைமரில் (தோட்டாவின் அடியில் தீமூட்டும் சிறு பாகம்) பொட்டாசியம் குளோரேட் இருக்கும். எரிந்தபின் அது உப்பாகக் குழலில் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்து, ஓரிரு நாளிலேயே துருப்பிடிக்கச் செய்யும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. வெந்நீர்தான் கரைக்கும். எஃகில் தண்ணீர் ஊற்றப் பலருக்கும் மனம் வருவதில்லை, ஆனால் இங்கே அதுதான் மருந்து. கழுவி, நன்றாக உலர்த்தி, அதன்பின் எண்ணெய் பூசுங்கள்.

துடைத்துப் பளபளக்க வைத்ததைத் தோல் உறைக்குள் போட்டு மாதக்கணக்கில் மூடி வைப்பது எனக்கு மனம் பொறுக்காத தவறு. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பதனிட்ட ரசாயனமும் அதில் மிஞ்சியிருக்கலாம். தோல் உறை எடுத்துச் செல்லத்தான். பாதுகாக்கப் பூட்டிய அலமாரியும் சிலிக்கா ஜெல் பையும் வேண்டும்.

கரியில் ஈயம் இருக்கிறது. காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டு வேலை செய்யுங்கள். பக்கத்தில் தேநீர்க் குவளை வேண்டாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தையைத் தூக்காதீர்கள்.

திரும்பப் பூட்டுவதற்கு முன், போல்டோ ஸ்லைடோ கழன்றிருக்கும்போதே, குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒருமுறை பாருங்கள். உள்ளே சிக்கிக்கொண்ட ஒரு சிறு துணித்துண்டு போதும், அடுத்த முறை சுடும்போது குழல் பிளக்க.