ஒன்பதாம் கோளைத் தேட டெலஸ்கோப் வேண்டாம், லேப்டாப் போதும்

இந்தக் கோளை இதுவரை யாரும் பார்த்ததில்லை. நெப்டியூனுக்கு அப்பால் செட்னா மாதிரி சில பனிப்பொருட்கள் சுற்றும் நீள்வட்டங்கள் ஏறக்குறைய ஒரே பக்கமாக நீண்டிருக்கின்றன, பூமியைப்போல் பத்து மடங்கு எடையுள்ள ஏதோ ஒன்று அவற்றை அப்படிப் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்று 2016 ஜனவரியில் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக வானியலாளர்கள் கான்ஸ்டன்டின் பாட்டிகினும் மைக் பிரவுனும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நாம் வானத்தில் சில இடங்களை மட்டும் தேடியதால்தான் அப்படித் தெரிகிறது என்று மறுப்பவர்களும் உண்டு, அந்த வாதமும் லேசானதல்ல. தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

மொட்டைமாடி டெலஸ்கோப்பில் இது சிக்காது. சூரிய ஒளி அவ்வளவு தூரம் போய்ப் பட்டுத் திரும்பி வரவேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் நமக்கு வரும் வெளிச்சம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். அதனால் கோளின் சொந்த வெப்பத்தைப் பிடிக்கும் அகச்சிவப்புப் படங்களில் தேடுங்கள். நாசாவின் வைஸ் விண்கலம் 2010இல் தொடங்கி, நடுவே சில வருடம் ஓய்ந்து, 2024 வரை எடுத்தவை ஏராளமாக இருக்கின்றன. அவற்றை நம்மைப் போன்றவர்கள் பார்ப்பதற்காகவே 2017இல், தன்னார்வலர்கள் அறிவியல் ஆய்வுகளுக்கு உதவும் ஜூனிவர்ஸ் இணையதளத்தில் ‘பேக்யார்ட் வேர்ல்ட்ஸ்: பிளானட் 9’ திட்டம் தொடங்கியது.

வேலை இவ்வளவுதான்: வானத்தின் ஒரே துண்டை வெவ்வேறு வருடங்களில் எடுத்த படங்கள் மாறி மாறி ஓடும், அதில் எது நகர்கிறது என்று பார்த்துக் குறிக்க வேண்டும். ஒரு படத்திலிருந்து இன்னொன்றைக் கழித்துக் காட்டுவதால் கரும்புள்ளிகளும் தெரியும்; ஒளிப்புள்ளியும் கரும்புள்ளியும் ஒட்டிக்கொண்டு இடம் மாறினால் அது மெதுவாக நகரும் அண்டை நட்சத்திரமாக இருக்கலாம். கோள் அப்படி இருக்காது, தாவும்.

ஏன் என்று புரிந்துகொண்டால் கண் தானாகப் பழகிவிடும். கோள் சூரியனிலிருந்து பூமி இருப்பதைப்போல் 500 மடங்கு தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்தில் பூமி சூரியனுக்கு மறுபக்கம் போய்விடுவதால், அது நட்சத்திரங்களுக்கு நடுவே நிலவின் அகலத்தில் கிட்டத்தட்ட பாதி தூரம் வரை நகர்ந்தது போலத் தெரியும். ஒரே தேதியில் ஒரு வருடம் கழித்து எடுத்த படத்தில் இந்த ஆட்டம் இருக்காது, கோளின் சொந்த ஓட்டம் மட்டும் மிஞ்சும், அதுவே சுமார் 115 ஆர்க் செகண்ட் (ஒரு ஆர்க் செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு). நட்சத்திரங்களிலேயே வேகமாக நகரும் பர்னார்டு நட்சத்திரம்கூட வருடத்துக்குப் பத்துதான்!

அப்புறம், எதை ஒதுக்குவது என்பதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். ஒரே படத்தில் மட்டும் பளிச்சிடுவது பெரும்பாலும் காஸ்மிக் கதிர், அதாவது விண்வெளியிலிருந்து வேகமாக வரும் துகள், பட்ட தடம். நட்சத்திரத்தைவிடப் பெரிதாக, மங்கலாக நகர்வது பக்கத்துப் பிரகாச நட்சத்திரத்தின் பிரதிபலிப்பு. நின்ற இடத்திலேயே மங்கிப் பிரகாசித்தால் மாறொளி நட்சத்திரம். பால்வீதியின் பட்டை ஓடும் பகுதிகளில் புள்ளிகள் மொய்த்துக் கிடக்கும், அங்கே அவசரப்படாதீர்கள். தானாகத் தேடும் மென்பொருள் தடுமாறுவதும் இந்த மாதிரி இடங்களில்தான்.

கோள் கிடைக்காவிட்டாலும் வேறு கிடைக்கும்: திட்டம் தொடங்கிய சில நாட்களிலேயே தன்னார்வலர்கள் ஒரு பழுப்புக் குள்ளனை, அதாவது கோளைவிடப் பெரிதாக இருந்தும் நட்சத்திரமாக எரிய முடியாத ஒரு பொருளைப் பிடித்தார்கள்.

சந்தேகமான ஒன்று சிக்கினால் அதன் ஆயத்தொலைவுகளைக் குறித்துக்கொண்டு, விண்பொருட்களைப் பட்டியலிடும் ‘சிம்பாத்’ தரவுத்தளத்தில் ஏற்கெனவே பெயருள்ளதா என்று பாருங்கள். இல்லையென்றால் வைஸ் படங்களை ஓட்டிக் காட்டும் ‘வைஸ்வியூ’ இணையக் கருவியில் அதே இடத்தைப் பல வருடங்களுக்கு ஓட்டிப் பாருங்கள். அதற்கப்புறமும் நகர்வது உறுதியாகத் தெரிந்தால், திட்டத்தின் படிவத்தில் ஆயத்தொலைவுகளோடு அனுப்பிவிடுங்கள்.